லென்ஸுக்கும் காசுக்கும் நடுவே

தம்பி,

உன் செய்தி வந்து ஒன்பது நாள் ஆகிறது. நாலு மைக்ரோஸ்கோப்புகளின் படங்களை அனுப்பி, "இதுல எதும்மா வாங்கலாம்? ஒரு நம்பர் மட்டும் சொல்லு, போதும்" என்று கேட்டிருந்தாய். முப்பத்தொரு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சம்பளம் வாங்கியவளிடம் கேட்கக்கூடிய கேள்விதான். "மூணு" என்று இரண்டு தடவை தட்டினேன், இரண்டு தடவையும் அழித்தேன். குரலில் பேசி அனுப்பலாம் என்று பார்த்தால் உன் அப்பா கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லாமல் உன் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அதனால் தாளில் எழுதுகிறேன். கோயம்புத்தூருக்குக் கூரியர் இரண்டு நாளில் வந்துவிடும் என்றார்கள். அவசரம் இல்லை, உட்கார்ந்து படி. மருமகளும் படிக்கலாம்.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். நீ அனுப்பிய முதல் படம், கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கும் பேனா மாதிரியான சாமான். ஆயிரத்து அறுநூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அந்த எண்ணை நம்பாதே. திரையில் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் எந்த எண்ணையும் போட்டுக்கொள்ளலாம். காசைப் பார்க்க நாற்பது மடங்குக்கு மேல் தேவையே இல்லை. அப்பா உன்னிடம் கொடுத்திருக்கும் பெட்டியில் உள்ள சோழர் செப்புக்காசுகள் கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. பத்து மடங்கில் முழுக் காசும் கண்ணுக்குள் அடங்கும், இருபதில் பாதிக் காசு, நாற்பதில் ஓர் எழுத்து. அதையும் தாண்டினால் காசு தெரியாது, வெறும் செம்புதான் தெரியும். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப அந்தப் பேனா உதவும். ஆனால் அதன் தண்டு ஆடும், படம் தட்டையாக இருக்கும். மேடு எது பள்ளம் எது என்று அதை வைத்து நீ முடிவு செய்யக்கூடாது.

இரண்டாவது படத்தில் இருப்பது எங்கள் லேபில் இருந்த ஜாதி. கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி, கீழேயிருந்து வெளிச்சம் பாய்ச்சிப் பார்ப்பது. மூன்றாவதும் நாலாவதும் ஸ்டீரியோ. இரண்டு கண்ணுக்கும் இரண்டு பாதை, வெளிச்சம் மேலேயிருந்து. விலை குறைவாக இருக்கிறது, கல்லூரியில் பார்த்துப் பழக்கம் இருக்கிறது என்று இரண்டாவதில் உனக்கு ஒரு கண் இருப்பது தெரிகிறது. அதை வாங்கவே கூடாது. ஏன் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

செல்வராசு சித்தப்பாவை உனக்கு நினைவிருக்கும். நீ ஏழாவது, எட்டாவது படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் வீட்டுக்கு வருவார். மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார், இப்போதும் வைத்திருக்கிறார். ஒரு கோடையில் நம் போர் மோட்டார் எரிந்துபோய் அதைக் கழற்ற வந்தவர், உன் அப்பா மேசையில் பரப்பி வைத்திருந்த காசுகளைப் பார்த்துவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு மோட்டார் வேலை முடியவில்லை. அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரே மொபெட்டில் தஞ்சாவூர், கும்பகோணம் என்று காசு பார்க்கச் சுற்றினார்கள். உன் அப்பாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஒரு வேலிக்கும், அதாவது ஆறரை ஏக்கருக்கும், குறைவான நிலத்தைத் தனியாகவே பார்த்துப் பழகிய மனுஷர். ஓர் ஆளிடம் அவர் அத்தனை பேசி நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

செல்வராசின் அப்பா பெயர் மாரிமுத்து. காலமெல்லாம் பண்ணையில் கூலி வேலை செய்தவர். அவரிடம் ஒரே ஒரு காசு இருந்தது. இளவட்டமாக இருந்தபோது, குறுவை நடவுக்குப் பரம்படித்துச் சமப்படுத்திய வயலில் நாற்று முடிகளை வீசிக்கொண்டு நடந்தவர் கால் விரலில் அது தட்டியிருக்கிறது. சேற்றைக் கழுவிவிட்டுப் பண்ணைக் காரியக்காரரிடம் காட்டினார். அந்த ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த வீட்லேருந்துடா எடுத்தே?" என்று கேட்டிருக்கிறார். சேற்றில் கிடந்தது என்று இவர் சொல்ல, நடவுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் சிரித்து, செல்லாக்காசு என்று வரப்பில் விட்டெறிந்துவிட்டுப் போனார். மாரிமுத்து தேடி எடுத்து வைத்துக்கொண்டார். ஒருபக்கம் ஆள் நிற்பது போலவும், மறுபக்கம் ஆள் உட்கார்ந்திருப்பது போலவும், பக்கத்தில் ராஜராஜன் பெயர் பொறித்தும் இருக்கும் காசு. இந்த வட்டாரத்தில் அபூர்வம் ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்கு அது சோழராஜாவின் காசு மட்டும் இல்லை, தான் பொய் சொல்லவில்லை என்பதற்கு அவர் கையில் இருந்த ஒரே சாட்சி.

உன் அப்பாவும் வேறு பத்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் காசுக் கண்காட்சி வைத்தது உனக்கு நினைவிருக்கலாம். மாரிமுத்துவின் காசையும் வைப்பது, பக்கத்தில் ஒரு அட்டையில் 'கண்டெடுத்தவர்: மாரிமுத்து, விவசாயத் தொழிலாளி' என்று அச்சடிப்பது என்று அப்பா முடிவு செய்தார். அட்டையும் அச்சாகி வந்துவிட்டது. அதற்கிடையில் குழுவில் ஒருவர், தஞ்சாவூர் பெரிய கோயில் பக்கம் போலிக்காசுகள் நிறைய விற்கிறார்கள், இந்தக் காசில் குழி குழியாக இருக்கிறதே, வார்த்து எடுத்ததாக இருக்குமோ என்று கிளப்பினார். அப்பா அதை நம்பவில்லை. நம்பாததால்தான் என்னிடம் கொண்டுவந்தார். "ஒன் மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாத்து ஒரு வார்த்த சொல்லிடு. அந்த ஆளு வாய அடைச்சிடலாம்" என்றார்.

லேபில் வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். லென்ஸைக் கீழே இறக்கும்போது கண்ணைக் குழாயில் வைக்காதே. பக்கவாட்டில் குனிந்து, லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இறக்கு. கண்ணைக் குழாயில் வைத்த பிறகு மேலே மட்டும்தான் ஏற்ற வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அன்றைக்குக் காலை ரத்தம் கொடுக்க வந்தவர்கள் போன பிறகு, காசைக் களிமண் உருண்டையில் பதித்து மேடையில் வைத்தேன். செம்பு வழியாகக் கீழ் வெளிச்சம் வராது என்பதால் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தேன். சின்ன லென்ஸில் அரைகுறையாகத் தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் நன்றாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், லேப்காரி சொன்னால் சரியாக இருக்கும் என்று பெயர் வாங்க வேண்டும் என்று பெரிய லென்ஸைத் திருப்பினேன். அந்த லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு தலைமுடி கனம்தான் இடம். ஒரே இருட்டு. கண்ணைக் குழாயில் வைத்துக்கொண்டே இறக்கினேன். காசு களிமண்ணில் லேசாகச் சாய்ந்து இருந்தது எனக்குத் தெரியவில்லை. விரலில் சின்னதாக ஒரு நறநறப்பு. அவ்வளவுதான்.

மறுபடி சின்ன லென்ஸில் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும் உருவத்தின் முழங்காலுக்குக் குறுக்கே ஒரு கீறல். பச்சையும் கறுப்புமாகக் களிம்பு ஏறிய காசில் அந்த ஒரு கோடு மட்டும் புதுச் செம்பின் சிவப்பாக இருந்தது. ஒரு மனுஷர் நாற்பது வருஷத்துக்கு மேல் வைத்துக் காப்பாற்றிய காசு. என் கையில் ஒரு மணி நேரம் இருந்தது.

அடுத்து நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. கீறலைப் பார்த்த அதே கண்ணால் அதைச் சுற்றி இருந்த குழிகளைப் பார்த்தேன். வார்ப்புக் காசில் காற்றுக்குமிழ் குழிகள் இருக்கும் என்று அப்பாவின் புத்தகத்தில் படித்திருந்தேன். போலிக் காசில் கீறல் விழுந்தால் யாருக்கு நஷ்டம் என்று ஒரு எண்ணம் வந்தது. அது வார்த்தையாகக்கூட வரவில்லை, ஒரு ஆறுதலாக வந்தது. மத்தியானம் அப்பா வந்து, "என்ன?" என்றார்.

"வார்ப்பு மாதிரி இருக்குங்க."

"மாதிரின்னா? வார்ப்பா, இல்லையா? எனக்கு ஒண்ணு சொல்லு."

"வார்ப்புதான்."

'மாதிரி' என்பதிலிருந்து 'தான்' என்பதற்கு நான் போக எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான். லேபில் நாங்கள் இப்படி எழுதுவதில்லை, தம்பி. கண்ணில் பட்டதை எழுதுவோம், எத்தனை, எந்த வடிவம் என்று எழுதுவோம். நோய் இன்னது என்று எழுதுவது டாக்டர் வேலை. கிருமி இல்லை என்றுகூட எழுதமாட்டோம், காணப்படவில்லை என்று எழுதுவோம். அந்தப் பழக்கத்தை அன்றைக்கு ஒரு நாள் விட்டேன். உன் அப்பா காசைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். கீறலை அவர் பார்க்கவே இல்லை. நான் சொன்ன பிறகு அவர் அந்தக் காசை உற்றுப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அவர் செல்வராசு கடைக்குப் போய்க் காசைத் திருப்பிக் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். செல்வராசு காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டாராம். ஆனால் வீட்டுக்குப் போய் மாரிமுத்துவிடம் அவரால் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியவர் சலவை வேட்டி கட்டி, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டார். நான் வாசலில் வருகைப் பதிவு நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். அவர் முதல் மேசையில் ஆரம்பித்துக் கடைசி மேசை வரை ஒவ்வொரு அட்டையாகக் குனிந்து பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து போனார். பிறகு என்னிடம் வந்து, "நம்ம காசு எந்த மேசையிலம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"அடுத்த தடவ வைப்பாங்கய்யா. எடம் பத்தல" என்றேன்.

மேசைகளில் இடம் இருந்ததை அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அதற்குள் செல்வராசு விஷயம் தெரிந்து ஓடிவந்து, பெரியவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். போகும்போது உன் அப்பாவிடம், சத்தமில்லாமல்தான் சொன்னார். "அன்னைக்கி வயல்ல எங்கப்பாவ நம்பல. இன்னைக்கி மெஷின் வச்சும் நம்பல. பரவால்லண்ணே." அதற்குப் பிறகு அவர் நம் வீட்டுக்கு வரவில்லை. ஏன் வருவதில்லை என்று நீ கேட்டதற்கு, வேலை அதிகம் என்று அப்பா சொன்னார். மெல்ல மெல்ல அவரும் காசுப் பெட்டியைத் திறப்பதை விட்டுவிட்டார். உன் கல்யாணத்துக்குப் பிறகு அதை உன்னிடம் தூக்கிக் கொடுத்தது, கண்புரை வந்ததால் மட்டும் என்று நினைக்காதே.

இதெல்லாம் அப்படியே கிடந்திருக்கும். நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கும் உன் சித்தி மகள் கவிதா, கல்லூரியில் பொதுமக்கள் வந்து பார்க்கிற நாள் என்று என்னைக் கூட்டிப்போனாள். ஒரு மேசையில் மாட்டு உண்ணியை ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் வைத்திருந்தார்கள். இரண்டு கண்ணையும் வைத்தேன். உண்ணியின் முதுகு மேடாக எழும்பி, கால்கள் பள்ளத்தில் இறங்கி நின்றன. லென்ஸுக்கும் அந்தப் பூச்சிக்கும் நடுவே என் நாலு விரலும் தாராளமாகப் போகும் இடம். முப்பத்தொரு வருஷம் நான் பார்த்ததெல்லாம் தட்டையான உலகம் என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வாரம் மறுபடி போனேன். அப்போது இங்கேயே இருந்த உன் அப்பா பெட்டியிலிருந்து சந்தேகமே இல்லாத ஒரு பழைய செப்புக்காசையும், பெரிய கோயில் வாசலில் வாங்கிய ஒரு போலியையும் பர்ஸில் வைத்துக்கொண்டு போனேன். கவிதா அவள் ஆசிரியரிடம் கேட்டு ஒரு மணி நேரம் அனுமதி வாங்கித் தந்தாள்.

நான் பார்த்ததை உனக்கு வரிசையாகச் சொல்கிறேன், உனக்கும் இதுதான் வேலை. முதலில் விளிம்பைப் பார். போலியில், இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் ஒரு தழும்பு சுற்றி வரும், அதை அரம் போட்டுத் தேய்த்திருந்தால் தேய்த்த கோடு இருக்கும். பிறகு எழுத்துகள். அந்தக் காலத்து அசல் காசு அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்தது; அப்படி அடித்த காசில் எழுத்தின் ஓரம் நறுக்கென்று எழும்பும். அதைச் சுற்றிச் செம்பு அடி தாங்கி ஒதுங்கிப்போன மெல்லிய கோடுகள், வெள்ளம் வடிந்த மணலில் தெரிவதுபோலத் தெரியும். வார்ப்பில் எழுத்து, கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். கடைசியாகக் குழிகள். வார்ப்புக் குழி வழவழப்பாக உருண்டையாக இருக்கும். மண்ணும் ஈரமும் தின்ற குழி கோணல் மாணலாக இருக்கும், ஓரம் பொரிந்திருக்கும், அடியில் பச்சைத் தூளும் மண்ணும் ஒட்டிக்கிடக்கும். அப்பாவின் நல்ல காசில் இருந்தது இந்தக் குழிதான். அதைப் பார்த்ததும் மாரிமுத்துவின் காசு எனக்கு அப்படியே கண்ணுக்கு முன் வந்தது. பார்த்ததை மறக்காமல் வைத்துக்கொள்வதுதான் என் தொழில். அந்தக் குழிகளும் கோணல் மாணல்தான். அடியில் பச்சைத் தூள் இருந்தது. அன்றைக்கு லேபிலும் என் கண்ணுக்கு அது தெரியாமல் இல்லை.

ஆக, வாங்கும்போது எத்தனை மடங்கு பெரிதாகும் என்பதைக் கடைசியாகக் கேள். முதலில் கேட்க வேண்டியது, லென்ஸுக்கும் காசுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதைத்தான். ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரலாவது வேண்டும். அப்போதுதான் காசைக் கையில் பிடித்துச் சாய்த்துப் பார்க்கலாம், லென்ஸ் வந்து இடிக்குமோ என்ற பயம் இல்லை. அடுத்தது வெளிச்சம். லென்ஸைச் சுற்றி வளையமாக விளக்கு வைத்திருப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம் விழுந்தால் நிழல் செத்துப்போகும். வளைக்கிற கழுத்துள்ள மேசை விளக்கு ஒன்று தனியாக வாங்கி, ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக அடி. மேடையில் இரண்டு கவ்விகள் வரும், வந்த அன்றைக்கே கழற்றிவிடு, காசில் அவை படக்கூடாது. கீழே ஒரு மெத்தென்ற துணி விரி. நீ அனுப்பிய மூன்றாவது போதும். அதில் இருபது மடங்கு, நாற்பது மடங்கு என்று இரண்டே நிலை இருக்கிறது. திருகித் திருகி ஏழிலிருந்து நாற்பத்தைந்து வரை போகிற மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது, முழுக் காசையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். நாலாவதில் கேமரா மாட்டும் குழாய் அதிகப்படி. அது இப்போது வேண்டாம். படம் எடுத்து அனுப்பும் வசதி இருந்தால், பார்த்து முடிப்பதற்குள் அனுப்பத் தோன்றும்.

நான் அப்படி ஒன்று வாங்கினேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. பெட்டி வந்த அன்றே அதை ஆட்டோவில் வைத்துச் செல்வராசு கடைக்குப் போனேன். கடை முழுக்க வார்னிஷ் வாசனை, சுவரெல்லாம் செம்புக் கம்பிச் சுருள். தலை நரைத்திருந்தது, அடையாளம் தெரிந்துகொள்ளக் கஷ்டம் இல்லை. "வாங்கண்ணி" என்று எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மாரிமுத்து இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்று சொன்னார். எனக்கு அது தெரியாது. அந்தக் காசு இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குக் கீழே இருந்த டப்பாவிலிருந்து எடுத்து வந்தார்.

பட்டறை மேசையில் துணி விரித்து வைத்துப் பார்த்தேன். விளிம்பில் தழும்பு இல்லை. எழுத்தின் ஓரங்களில் கோடுகள் தெளிவாக ஓடின. குழிகள் மண் தின்றவை. "இது அடிச்ச காசு, செல்வராசு. நான் அன்னைக்கித் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். அவரையும் பார்க்கச் சொன்னேன். மெக்கானிக் இல்லையா, திருகு எது என்று கேட்காமலேயே கண்டுபிடித்துச் சரிசெய்துகொண்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை எடுக்காமலே, "அந்தக் கோடு எங்கண்ணி இருக்கு? முட்டிக்கிட்ட ஒண்ணு இருக்குமே" என்றார்.

நான் கேட்டேன்: "தெரியுமா?"

"நான் செம்புலதான பொழப்பே நடத்துறேன். சொரண்டுன செம்பு செவப்பா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அண்ணன் திருப்பிக் குடுத்த அன்னைக்கே பாத்துட்டேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவரே சொன்னார். "அண்ணன் ஒங்க வார்த்தைய அப்படி நம்புனாரு. நான் போயி இப்படி இப்படின்னு சொன்னா வீட்ல என்னாகும்? எங்க வீட்லதான் ஒரு மனுசன் தலையத் தொங்கப் போட்டுட்டு ஒக்காந்திருக்காரு, அங்கயும் எதுக்குன்னு விட்டுட்டேன்."

பெரியவர் கடைசி வரை அது பொய்க்காசு என்று நினைத்துக்கொண்டா போனார் என்று கேட்டேன். செல்வராசு சிரித்தார். "அவரா? அவரு எதுக்கண்ணி நெனைக்கிறாரு. சேத்துலேருந்து எடுத்தது அவரு கையி. அவருக்கு இந்த மெஷினெல்லாம் ஒரு பொருட்டா? அவருக்குக் கொற என்னன்னா, ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்து ஊரு முன்னாடி தேடுனாருல்ல, அதான். அத மட்டும் ரெண்டு மூணு தடவ சொல்லியிருக்காரு." பக்கத்துக் கடையில் டீ சொன்னார். குடித்தோம். "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நான் சொல்ல மாட்டேன். இத்தன வருசம் சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டு, காத்திருந்த ஆளின் மோட்டாரை எடுத்து மேசையில் வைத்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபமாகவும் பேசவில்லை. நான் ஆட்டோ பிடித்து வந்தேன். மைக்ரோஸ்கோப் என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் நாலு மாதமாக இருக்கிறது.

உன் அலுவலக நண்பர்கள் காசைக் கொண்டுவந்து அசலா போலியா என்று கேட்கிறார்கள், அதற்காகத்தான் வாங்குகிறேன் என்று எழுதியிருந்தாய். வாங்கு. ஆனால் அவர்கள் கேட்கும் ஒற்றை வார்த்தையைக் கொடுக்காதே. விளிம்பில் இது இருக்கிறது, எழுத்தில் இது இல்லை, இந்த இடம் எனக்குப் புரியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. உன் கையால் அதற்கு ஏதாவது ஆகிவிட்டால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடு. சொல்லாமல் வைத்துக்கொண்டு பார்க்கிற கண் நேராகப் பார்க்காது. என் கண் பார்க்கவில்லை. இதற்கு மேல் உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி இல்லை.

இதுவரை எழுதியதை முந்தாநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு உன் அப்பாவிடம் கொடுத்தேன். மகனுக்கு எழுதியிருக்கிறேன், அனுப்புவதற்கு முன் நீங்கள் படிக்க வேண்டும் என்றேன். இப்போது அவருக்கு ஒரு கண்தான் சரியாகத் தெரிகிறது. ஒவ்வொரு தாளையும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் படித்தார். நான் எதிரில் உட்கார்ந்து பருப்பு புடைத்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனார். திரும்பி வந்தும், நேற்று முழுக்கவும், கடிதத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டார், மருந்து போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

இன்று காலை காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "செல்வராசு கடைய எத்தன மணிக்குத் தொறக்குறான்?"

"ஒம்போது மணிக்குங்க" என்றேன்.

மணி அப்போது எட்டே கால். காபியை முழுசாகக் குடிக்காமல் வைத்துவிட்டு, வேட்டி மாற்ற உள்ளே போனார்.

அம்மா